வக்கீல் நோட்டீஸில் லத்தீன்: வாசகர் கேள்வி பதில்

வக்கீல் நோட்டீஸிலோ கோர்ட்டுக் காகிதத்திலோ புரியாத லத்தீன் சொல்லைக் கண்டால் எழுதி அனுப்புங்கள் என்று சென்ற இதழில் கேட்டிருந்தேன். கடிதங்கள் கட்டுக்கட்டாக வந்துவிட்டன. கோபிசெட்டிபாளையம் கோர்ட்டில் வழக்காடித் தலை நரைத்தவள் நான். இரண்டு சொல் லத்தீனைப் பார்த்ததும் பயந்துபோய், கையில் இருந்த உரிமையை விட்டுக்கொடுத்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். அந்த வருத்தம்தான் இந்தப் பகுதியை எழுத வைக்கிறது.

ஒன்றைச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். லத்தீன் வாசகம் எதுவும் நம் ஊர்க் கோர்ட்டில் தனியாக நின்று யாரையும் தோற்கடிக்காது. அதற்குப் பின்னால் நம் நாட்டுச் சட்டத்தின் பிரிவோ, நம் நீதிமன்றத்தின் தீர்ப்போ இருக்க வேண்டும். பிரிவு என்று இருந்தால் அதற்கு நிபந்தனைகளும் இருக்கும். வழக்கு நடப்பது அந்த நிபந்தனைகளின் மீதுதான்.

எங்கள் தோட்டத்துக்குப் போகும் வண்டித்தடத்தைப் பக்கத்துத் தோட்டக்காரர் மறித்தார் என்று என் அப்பா 1998-இல் வழக்குப் போட்டார். வாய்தா அன்று அப்பா ஆஸ்பத்திரியில் இருந்ததால் வழக்கு தள்ளுபடியாகிவிட்டது. பிறகு பேசி முடித்து, அதே தடத்தில்தான் இத்தனை வருடமும் போய்வந்தோம். போன தை மாதம் அவருடைய மகன் கம்பிவேலி போட்டுவிட்டார். நோட்டீஸ் கொடுத்தோம். 'ரெஸ் ஜுடிகேட்டா' தடுக்கிறது, இனி வழக்கே போட முடியாது என்று பதில் வந்திருக்கிறது. உண்மையா அம்மா?
– ஒரு வாசகர், காங்கேயம்

இல்லை தம்பி. முடிவு செய்யப்பட்ட விவகாரம் என்பது அதன் பொருள். ஒரே காரணத்துக்காக ஒருவரைத் திரும்பத் திரும்பக் கோர்ட்டுக்கு இழுக்கக் கூடாது, வழக்குகளுக்கு ஒரு முடிவு வேண்டும் என்ற நல்ல நோக்கத்தில் வந்தது. நம் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு அது. அந்தப் பிரிவு கேட்பதைப் பாருங்கள்: அதே தரப்பினர் அல்லது அவர்களுடைய வாரிசுகள், அதே பிரச்சினை, அதிகாரம் உள்ள நீதிமன்றம், இவற்றோடு அந்தப் பிரச்சினை 'விசாரிக்கப்பட்டு இறுதியாக முடிவு செய்யப்பட்டிருக்க' வேண்டும். உங்கள் அப்பா வழக்கில் யார் சாட்சி சொன்னார்கள்? தடம் யாருடையது என்று நீதிபதி எங்கே எழுதினார்? எதுவும் நடக்கவில்லை. ஆள் வராததால் தள்ளுபடியான வழக்கு 11-ஆம் பிரிவுக்குள் வராது.

ஆனால் எதிர்த்தரப்பு வக்கீல் விவரமானவர் என்றால் அடுத்து வேறொன்றைச் சொல்வார். வாதி வராமல் பிரதிவாதி மட்டும் வந்திருந்த நிலையில் தள்ளுபடியானால், அதே வழக்குமூலத்தில், அதாவது வழக்குக்கு அடிப்படையான அதே காரணத்தில், புது வழக்குப் போடக் கூடாது என்கிறது அதே சட்டத்தின் ஆணை 9, விதி 9. இருவருமே வராமல் தள்ளுபடியாகியிருந்தால் விதி 4-இன்படி புது வழக்குக்குத் தடையில்லை. ஆகவே முதல் வேலையாக அந்தப் பழைய வழக்கின் தள்ளுபடி உத்தரவு நகலுக்கு மனுப் போடுங்கள். அன்று யார் வந்திருந்தார்கள் என்பது அதில் தெரியும். எப்படி இருந்தாலும், போன தையில் போட்ட வேலி புதிய தடை, புதிய வழக்குமூலம் என்று வாதாட உங்களுக்கு வலுவான இடம் இருக்கிறது.

இதைவிட அவசரமான விஷயம் ஒன்று. யாருடைய தயவிலும் இல்லாமல், உரிமையாக, வெளிப்படையாக, தடையில்லாமல் 20 ஆண்டு பயன்படுத்திய தடத்துக்கு 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம் 15-ஆம் பிரிவு பாதுகாப்புத் தருகிறது. அந்த 20 ஆண்டு, வழக்குப் போடும் நாளுக்கு முந்தைய 2 ஆண்டுக்குள் முடிந்திருக்க வேண்டும். வேலி போட்டு இரண்டு வருடத்துக்கு மேல் சும்மா இருந்துவிட்டால் அந்தப் பாதுகாப்பு கைநழுவிவிடும். தை மாதத்தில் எந்தத் தேதியில் கம்பி கட்டினார் என்பதை இன்றே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

சந்தையில் ஒரு வியாபாரியிடம் கறவை மாடு வாங்கினேன். வேளைக்கு எட்டு லிட்டர் என்றார். வீட்டுக்குக் கொண்டுவந்தால் ஒரு காம்பில் பாலே வரவில்லை. கேட்டதற்கு, 'வாங்குகிறவர்தான் பார்த்து வாங்க வேண்டும், கேவியட் எம்ப்டார்' என்று அவருடைய மகன் பதில் சொல்கிறார். என் தம்பி நிலத் தகராறில் போட்டிருக்கும் கேவியட்டும் இதுவும் ஒன்றா?
– ஒரு வாசகி, கவுந்தப்பாடி

ஒன்றல்ல அம்மிணி. தம்பி போட்டிருப்பது சிவில் நடைமுறைச் சட்டம் 148-ஏ பிரிவின்படியான முன்னெச்சரிக்கை மனு. எனக்குச் சொல்லாமல் எதிராளிக்குத் தடையுத்தரவு கொடுத்துவிடாதீர்கள் என்று கோர்ட்டில் சொல்லி வைப்பது. 90 நாள்தான் அதற்கு உயிர். தேவையென்றால் மீண்டும் போட வேண்டும்.

வியாபாரி மகன் சொல்வது சரக்கு விற்பனையில் வரும் விதி. மாடும் சட்டத்தின் கண்ணில் சரக்குதான். 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் 16-ஆம் பிரிவு, தரத்துக்கு விற்பவர் தாமாக உத்தரவாதம் தருவதில்லை என்றுதான் தொடங்குகிறது. வியாபாரி மகன் அதோடு நிறுத்திக்கொண்டார். அந்தப் பிரிவே உடனடியாக விதிவிலக்குக்குப் போகிறது: என்ன தேவைக்கு வாங்குகிறேன் என்று சொல்லி, விற்பவரின் அனுபவத்தை நம்பி வாங்கியிருந்தால், அந்தச் சரக்கை விற்பது அவருடைய தொழிலாகவும் இருந்தால், அது அந்தத் தேவைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். கறவைக்கு என்று சொல்லித்தானே வாங்கினீர்கள்? விற்றவர் மாட்டு வியாபாரிதானே? அப்படியானால் விதிவிலக்கு உங்களுக்குப் பொருந்தும். எட்டு லிட்டர் என்று வாய்விட்டுச் சொன்னது தனிக் கணக்கு.

நம் பக்கம் கருங்கல்பாளையத்திலும் கண்ணபுரத்திலும் மாடு பிடிக்கிறவர்களுக்கு நான் எப்போதும் சொல்லும் பகுதி ஒன்று 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தில் இருக்கிறது. 17-ஆம் பிரிவில் ஒரு குதிரையை வைத்தே உதாரணம் கொடுத்திருக்கிறார்கள். குதிரைக்கு நோய் இருப்பது தெரிந்தும் ஒருவர் ஏலத்தில் பேசாமல் விற்கிறார். அது மோசடி இல்லை. ஆனால் வாங்குகிறவர், 'நீங்கள் மறுக்காவிட்டால் குதிரை நன்றாக இருப்பதாக எடுத்துக்கொள்வேன்' என்று கேட்டு, விற்பவர் அப்போதும் வாய் திறக்கவில்லை என்றால் அந்த மௌனமே பேச்சாகிவிடும். அதற்கு அவர் பொறுப்பு. இந்த ஒரு வரி போதும். துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசுவதற்கு முன்னால், தரகர் காதிலும் பக்கத்தில் நிற்பவர் காதிலும் விழும்படி, 'மடியில் குறையில்லை என்று எடுத்துக்கொள்கிறேன்' என்று கேளுங்கள். நான்கு காம்பிலும் நீங்களே கறந்து பாருங்கள். ஒரு வேளை கறக்காமல் விட்டு மடியைப் பெருக்கிக் காட்டும் பழக்கம் உங்களுக்குத் தெரியாததல்ல.

இப்போதைக்குக் கால்நடை மருத்துவரிடம் காட்டி, காம்பின் குறை எவ்வளவு பழையது என்று எழுத்தில் வாங்குங்கள். அதை வைத்து வியாபாரிக்கு நோட்டீஸ் கொடுக்கலாம். ஒன்றிரண்டு மாடு வைத்துச் சொந்த உழைப்பில் பிழைக்கிறவர் நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். அதற்கு 2 ஆண்டு அவகாசம்.

எங்கள் வெட்டுக் கிணறு எங்கள் அப்பாரு காலத்தது. கோடையிலும் தென்னைக்குத் தண்ணீர் தந்தது. பக்கத்துத் தோட்டத்தை வாங்கியவர் எங்கள் பொழி (எல்லை வரப்பு) ஓரமாக ஆயிரம் அடிக்குப் போர் போட்டார். ஆறே மாதத்தில் கிணறு வற்றிவிட்டது. வக்கீலிடம் போனால் 'டாம்னம் சைனே இன்ஜூரியா' என்று சொல்லி அனுப்பிவிட்டார். இவ்வளவு நட்டத்துக்கும் நியாயமே கிடையாதா?
– ஒரு விவசாயி, அவிநாசி

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு வெகுநேரம் எழுத முடியவில்லை. தென்னை காய்வதைப் பார்த்துக்கொண்டு இருப்பது எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும்.

உங்கள் வக்கீல் பொய் சொல்லவில்லை. நட்டம் உண்டு, ஆனால் சட்ட உரிமை எதுவும் மீறப்படவில்லை என்பது அதன் பொருள். 1410-இல் இங்கிலாந்தின் குளோஸ்டர் ஊரில் இரண்டு ஆசிரியர்கள் பள்ளி நடத்தினார்கள். அதே ஊரில் இன்னொருவர் போட்டியாகப் பள்ளி தொடங்கினார். 40 பென்ஸ் வாங்கிய கட்டணத்தை 12 பென்ஸாகக் குறைக்க வேண்டியதாயிற்று. வழக்குப் போட்டார்கள், தோற்றார்கள். பள்ளி விஷயத்தில் அது சரி என்பேன். போட்டியாக எதிரில் கடை போடுவதையெல்லாம் தடுத்தால் ஈரோட்டுக் கடைவீதியில் யாரும் பிழைக்க முடியாது.

தண்ணீருக்கு அதே விதியைக் கொண்டுவந்தது அதே இங்கிலாந்தில் பிராட்ஃபோர்டு நகராட்சி தொடுத்து 1895-இல் முடிந்த வழக்கு. பிக்கிள்ஸ் என்பவர் தம் நிலத்தில் குழி தோண்டி, நகருக்கு வந்துகொண்டிருந்த நிலத்தடி ஊற்றைத் தடுத்தார். தம் நிலத்தை நகராட்சி விலைக்கு வாங்க வேண்டும் என்பது அவர் எண்ணம் என்றார்கள். எண்ணம் எதுவாக இருந்தாலும் சரி, தன் நிலத்தடியில் கசியும் நீரை எடுப்பது அவர் உரிமை என்று, அப்போது அந்நாட்டின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. நம் வசதியுரிமைச் சட்டத்தின் 7-ஆம் பிரிவும், குறிப்பிட்ட கால்வாயாக ஓடாத நிலத்தடி நீரைத் தன் எல்லைக்குள் எடுத்துக்கொள்ளும் உரிமை நில உரிமையாளருக்கு உண்டு என்கிறது.

இந்தச் சட்டம் ஆயிரம் அடிக்குத் துளை போடும் வண்டியைக் கண்டதில்லை. மாடு பூட்டிக் கவலை கட்டித் தண்ணீர் இறைத்த காலத்தில் எழுதப்பட்டது. ஒருவர் மோட்டார் வாங்கும் வசதியைப் பொறுத்துச் சுற்றியுள்ள கிணறுகளின் உயிர் போவதை வெறும் நட்டம் என்று சொல்லி ஒதுக்குவது கொங்குச் சீமைக்குப் பெரும் அநியாயம். சட்டமன்றம்தான் இதை மாற்ற வேண்டும். நான் இதை எங்கே பேசக் கூப்பிட்டாலும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அதற்காக எல்லாக் கதவும் அடைபட்டுவிடவில்லை. அவர் போட்ட துளையிலிருந்தோ கிணற்றிலிருந்தோ சைடு போர் (பக்கவாட்டுத் துளை) போட்டு, அது உங்கள் பொழியைத் தாண்டி உங்கள் நிலத்தடிக்குள் வந்திருக்கிறதா என்று பாருங்கள். வந்திருந்தால் அது அத்துமீறல். அங்கே இந்த லத்தீன் உதவாது. சர்வேயரை வைத்து அளந்து, கோர்ட்டு வழியாக வக்கீல் ஆணையர் பார்வையிடவும் கேட்கலாம்.

தண்ணீரை எடுப்பதற்குத்தான் இந்தப் பாதுகாப்பு. தண்ணீரைக் கெடுப்பதற்கு எந்தக் காலத்திலும் கிடையாது. 'சிக் ஊட்டேரே துவோ' என்று தொடங்கும் வாசகம் ஒன்று உண்டு: உன் சொத்தை மற்றவருக்குத் தீங்கு வராதபடி அனுபவி. நொய்யல் ஆற்றில் நடந்ததை நம் பக்கத்தார் அறிவார்கள். திருப்பூர்ச் சாயக்கழிவு இறங்கி, ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்கு ஆகாத நீரைத் தேக்கிக்கொண்டு நின்றது. நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள் சங்கமாகச் சேர்ந்து உயர் நீதிமன்றம் போனார்கள். சாயப்பட்டறை உரிமையாளர்கள் உச்ச நீதிமன்றம் வரை எடுத்துப்போனார்கள். மாசு செய்தவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை 2009-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. கழிவு நிற்கவில்லை என்று கண்டதும் 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. தனித்தனியாகப் போயிருந்தால் அந்த விவசாயிகளையும் எவரேனும் ஒரு லத்தீன் வார்த்தை சொல்லித் திருப்பி அனுப்பியிருப்பார்கள். உங்கள் ஊரில் வற்றியது உங்கள் கிணறு மட்டும்தானா? மற்றவர்களையும் சேர்த்துக்கொண்டு கலெக்டரின் விவசாயிகள் குறைதீர்க்கும் நாளுக்குப் போங்கள்.

என் மகனுக்கு 16 வயது. நான் தறிக்குப் போயிருந்தபோது சாவியை எடுத்துப் பைக் ஓட்டிப் பிடிபட்டுவிட்டான். 'சட்டம் தெரியாது என்று சொல்வது மன்னிப்பாகாது' என்கிறார்கள். எனக்கு அவன் எடுத்ததே தெரியாதே?
– ஒரு தாய், பள்ளிபாளையம்

அந்த வாசகத்துக்கு இன்னொரு பாதி உண்டு. சட்டம் தெரியாதது மன்னிப்பாகாது, நடந்த சங்கதி தெரியாதது மன்னிப்பாகலாம். உங்கள் விஷயத்தில் இரண்டாவது பாதிதான் பொருந்தும். மோட்டார் வாகனச் சட்டம் 199-ஏ பிரிவு பெற்றோருக்கு 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் வைத்திருக்கிறது. ஆனால் தமக்குத் தெரியாமல் நடந்தது என்றோ, தடுக்க உரிய கவனம் எடுத்துக்கொண்டேன் என்றோ பெற்றோர் நிரூபித்தால் தண்டனை இல்லை என்றும் அதே பிரிவு சொல்கிறது. நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது. தறிப்பட்டறை வருகைப் பதிவேட்டின் நகலை வாங்கி வையுங்கள். இனிச் சாவியைப் பூட்டி வையுங்கள், இரண்டாம் முறை இதே பதிலைச் சொல்ல முடியாது.

மச்சானுக்குப் புரோநோட்டின் பேரில் மூன்று லட்சம் கொடுத்தேன். நான்கு வருடம் ஆகிவிட்டது. நோட்டீஸ் அனுப்பினால், 'விழித்திருப்பவனுக்கே சட்டம் உதவும், தூங்குபவனுக்கு இல்லை' என்று லத்தீனில் எழுதிப் பதில் அனுப்பியிருக்கிறார். வட்டி வரவு பின்பக்கத்தில் இருக்கிறது.
– ஒரு வாசகர், திருச்செங்கோடு

நோட்டைத் திருப்பிப் பாருங்கள். யார் கையெழுத்து இருக்கிறது?

இதை ஏன் கேட்கிறேன் என்றால், என்னிடம் வந்த ஒரு நோட்டு இன்னும் கண்முன் நிற்கிறது. கடையில் வாங்கிய அச்சுப் படிவம். ரெவின்யூ ஸ்டாம்பின் மேல் குறுக்காகக் கடன் வாங்கியவர் கையெழுத்து. பின்பக்கம் மேலே நீல மையில், 'வட்டி வரவு' என்று தொகை, தேதி, அதன் கீழ் அவரே போட்ட கையெழுத்து. அதற்குக் கீழே கறுப்பு மையில் வரிசையாக வரவுகள், எல்லாம் கடன் கொடுத்தவர் தாமே எழுதிக்கொண்டவை. பணம் வந்தது உண்மைதான். ஆனால் காலக்கெடுவைப் புதுப்பித்தது அந்த நீல மை வரி ஒன்று மட்டும்தான். கெட்டியான மனிதர், உறவுக்காரரிடம் ஒவ்வொரு முறையும் கையெழுத்துக் கேட்கக் கூச்சப்பட்டார். அந்தக் கூச்சத்துக்கு அவர் கொடுத்த விலை பெரியது.

கேட்டவுடன் தர வேண்டிய புரோநோட்டுக்கு, எழுதிய தேதியிலிருந்து 3 ஆண்டுதான். 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் அப்படிச் சொல்கிறது. அந்த மூன்றாண்டு முடிவதற்குள் கடனாளி கையெழுத்திட்டுக் கடனை ஒப்புக்கொண்டால் 18-ஆம் பிரிவின்படி அன்றிலிருந்து புது மூன்றாண்டு. பணம் கட்டி, அது அவர் கையால் எழுதியதாகவோ அவர் கையெழுத்துடனோ இருந்தால் 19-ஆம் பிரிவின்படியும் அப்படியே. செல்போன் வழியாக வட்டி வந்தாலும் நோட்டில் ஒரு கையெழுத்து வாங்கிவிடுவதே பத்திரம்.

கெடு முடிந்துவிட்டாலும் கடன் செத்துவிடாது. வழக்குப் போடும் வழிதான் அடைபடுகிறது. 'பழைய கடனைத் தருகிறேன்' என்று மச்சான் எழுதிக் கையெழுத்துப் போட்டால், ஒப்பந்தச் சட்டம் 25-ஆம் பிரிவின்படி அது புதிய ஒப்பந்தம். உங்கள் நோட்டில் மூன்றாண்டுக்குள் அவர் கையெழுத்துப் போட்ட வரவு இருந்து, அந்தத் தேதியிலிருந்து இன்னும் மூன்றாண்டு ஆகவில்லை என்றால் தாமதிக்காமல் வழக்குப் போடுங்கள். இல்லையென்றால் கோர்ட்டை விட்டுவிட்டு, இருவருக்கும் வேண்டிய பெரியவரை வைத்துப் பேசி அந்த எழுத்தை வாங்கப் பாருங்கள்.

எங்கள் மகளுக்கு 22 வயது. வேறு சாதிப் பையனோடு போய்விட்டாள். 'ஹேபியஸ் கார்ப்பஸ் போட்டால் ஹைகோர்ட்டில் ஆளைக் கொண்டுவந்து நிறுத்திவிடுவார்கள், அங்கிருந்து கூட்டிவந்துவிடலாம்' என்று உறவினர்கள் சொல்கிறார்கள். எந்த வக்கீலைப் பார்ப்பது?
– பெயர் வேண்டாம் என்ற ஒரு தந்தை, தாராபுரம் பக்கம்

ஐயா, உங்களுக்கு வக்கீல் பெயர் எதுவும் தரப்போவதில்லை.

ஹேபியஸ் கார்ப்பஸ், அதாவது ஆட்கொணர்வு மனு என்பது சட்டவிரோதமாக அடைத்து வைக்கப்பட்டவரை மீட்க இருப்பது. அரசியல் சட்டத்தின் 32, 226-ஆம் பிரிவுகள் தரும் மிகப் பெரிய பாதுகாப்பு. நீதிபதி உங்கள் மகளிடம் ஒன்றைத்தான் கேட்பார்: உன் விருப்பத்தில் இருக்கிறாயா? ஆம் என்று அவள் சொன்னால் மனு அத்தோடு முடிந்தது. 2018-இல் ஹாதியா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது: வயது வந்த பெண் யாரை மணப்பது என்பது அவள் முடிவு, அதில் தந்தைக்கோ கோர்ட்டுக்கோ இடமில்லை. கோர்ட்டு வாசலில் அவளைக் காரில் ஏற்றிக் கொண்டுவந்துவிடலாம் என்று யாராவது ஆலோசனை சொன்னால், அவர்கள் உங்களை ஆள்கடத்தல் குற்றத்துக்கு அழைத்துப்போகிறார்கள். அதற்கு மேல் என்ன நடக்கும் என்பதை நம் மண்டலத்துச் செய்திகளில் படித்திருக்கிறோம். அந்த உறவினர்களை வீட்டுக்குள் விடாதீர்கள்.

அவளை யாரோ அடைத்து வைத்திருக்கிறார்கள் என்று உண்மையாகவே நம்பினால், மாஜிஸ்திரேட்டிடம் 2023-ஆம் ஆண்டின் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 100-ஆம் பிரிவின்படி மனுச் செய்யலாம், உயர் நீதிமன்றமும் போகலாம். தாராபுரத்துக்குச் சென்னை, கரூர்க்காரர்களுக்கு மதுரைக் கிளை. ஆனால் உங்கள் கடிதத்தில் அடைத்து வைத்ததாக ஒரு வரிகூட இல்லை. அவள் உங்கள் மகள். அவளுடைய அத்தையோ, பள்ளித் தோழியோ ஒருவர் மூலமாக நலம் விசாரியுங்கள். ஊர் பேசுவது ஆறு மாதம். மகள் உறவு அதைவிட நீண்டது.

திருப்பூரில் மனையிடம் பேசி முடித்திருக்கிறோம். வில்லங்கச் சான்று சுத்தமாக இருக்கிறது. ஆனால் 'லிஸ் பெண்டன்ஸ்' பார்த்தீர்களா என்று பத்திர எழுத்தர் கேட்கிறார்.
– ஒரு வாசகர், ஊத்துக்குளி

நல்ல எழுத்தர். லிஸ் பெண்டன்ஸ் என்றால் நிலுவையில் இருக்கும் வழக்கு. வழக்கு நடக்கும்போது அந்தச் சொத்தை வாங்கினால், வழக்கில் வரும் தீர்ப்பு உங்களையும் கட்டும் என்கிறது 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 52-ஆம் பிரிவு. வழக்கு இருப்பது எனக்குத் தெரியாது என்று சொல்லித் தப்ப முடியாது. மகாராஷ்டிரத்திலும் குஜராத்திலும் வழக்கு பற்றிய அறிவிப்பைப் பதிவு அலுவலகத்தில் பதிந்தால்தான் இந்த விதி கட்டும். நம் ஊரில் அந்தத் திருத்தம் இல்லாததால், பாகப்பிரிவினை வழக்கு ஒன்று சப்கோர்ட்டில் ஓடிக்கொண்டிருக்க, வில்லங்கச் சான்று அதைப் பற்றி எதுவும் காட்டாமல் இருக்கலாம். விற்பவர், அவருடைய அண்ணன் தம்பி, அக்கா தங்கை பெயர்களை இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் திருப்பூர், அவிநாசி, பல்லடம் நீதிமன்றங்களில் தேடுங்கள். பெயரின் எழுத்தை மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். கூடப் பிறந்த பெண்கள் இருந்தால் அவர்களும் கிரயப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வருகிறார்களா என்று கேட்டுவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.